ஒன்றரை லட்சம் கட்டினால்தான் வேலையை விட முடியுமா?

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த 23 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சென்னையில் பி.காம். படித்தவர். உலகெங்கும் கிளைகள் உள்ள ஒரு பெரிய தணிக்கை, ஆலோசனை நிறுவனத்தின் சென்னை சேவை மையத்தில் கேம்பஸ் தேர்வு மூலம் வேலை கிடைத்தது. போன ஆண்டு ஆகஸ்டில் சேர்ந்தார். இந்த அக்டோபரோடு 14 மாதம். அமெரிக்க நிறுவனங்களின் தணிக்கைக்குப் பின்னாலிருந்து உதவும் வேலை. கூட்டல் சரிபார்ப்பது, அறிக்கையில் உள்ள எண்ணை மூலக்கணக்கோடு ஒப்பிடுவது, கணக்கு இருப்பை உறுதிப்படுத்தக் கேட்டு வங்கிகளுக்குக் கன்ஃபர்மேஷன் கடிதம் அனுப்புவது. "ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். ஆனால் டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம்தான் போடச் சொல்கிறார்கள்" என்கிறார்.

சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டர்மீடியட்டில் முதல் குரூப் தேறியிருக்கிறார். இரண்டாவது குரூப் இரண்டு முறை போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு, ஊருக்குப் பக்கத்தில் மதுரையில் ஒரு ஆடிட்டரிடம், சி.ஏ. ஆவதற்குக் கட்டாயமான நேரடிப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர நினைக்கிறார். வேலையில் சேரும்போது போட்ட, 'பாண்ட்' என்று சொல்லப்படும் ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. ஜாயினிங் போனஸ் 50,000, பயிற்சிச் செலவு 1,50,000, ஆக 2 லட்சம் கட்டாமல் போனால் ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) கிடையாது, கேஸ் போடுவோம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அலுவலக சீனியர் ஒருவரோ, "பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது, நாளையிலிருந்து வராமல் இருந்துவிடு" என்கிறார். வீட்டுக்குப் போலீஸ் வருமோ என்று அப்பாவுக்குப் பயம். "இப்போதே ராஜினாமா செய்யலாமா? இந்த 14 மாதத்தை ஆர்ட்டிகிள்ஷிப்பில் கழித்துக்கொள்வார்களா?" என்று கேட்டிருக்கிறார். ஒப்பந்தப் பக்கங்களையும் இணைத்திருக்கிறார், நல்ல வேளை.

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: போலீஸ் வராது. வேலை ஒப்பந்தத்தை இடையில் முறிப்பது குற்றம் அல்ல, பணத் தகராறு. அதிகபட்சம் வக்கீல் நோட்டீஸ் வரலாம், அதற்கு மேல் போனால் சிவில் வழக்கு. உங்களைக் கட்டாயப்படுத்தி வேலை செய்யவைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. ஆகவே "விட முடியுமா" என்பதற்குப் பதில் 'முடியும்' என்பதுதான். என்ன விலைக்கு, எப்போது என்பதைத்தான் நாம் பேச வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, பாண்டைவிடப் பெரிய சிக்கல் வேறொரு இடத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாண்ட்: சீனியர் சொல்வதும் சரியில்லை, மேலாளர் சொல்வதும் சரியில்லை

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இரண்டு தனித்தனி நிபந்தனைகள் இருக்கின்றன. ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டியது 12 மாதத்துக்குள் விலகினால் மட்டும். நீங்கள் 14 மாதம் முடித்துவிட்டீர்கள். அந்த 50,000 உங்களுடையது, அதை யாரும் கேட்க முடியாது. மேலாளர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் பேசியிருக்கிறார், அல்லது நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்திருக்கிறார்.

மிஞ்சுவது பயிற்சிச் செலவு 1,50,000. 24 மாதத்துக்குள் விலகினால் இதைக் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் சீனியரின் தைரியம் உங்களை மாட்டிவிடக்கூடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதை வைத்துத்தான் எல்லோரும் 'பாண்ட் செல்லாது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு முக்கியமாக வேலையை விட்ட பிறகு உங்கள் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனைகளைப் பற்றியது. குறைந்தபட்சக் காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தொகை என்பது வேறு வகை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு முடியும் முன் வேறு வங்கிக்குப் போன அதிகாரி ஒருவர் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்பது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைக் காட்டி உங்கள் எச்.ஆர். பயமுறுத்தினாலும் கலங்க வேண்டாம். அது பொதுத்துறை வங்கி. அறிவிப்பு கொடுத்து, தேர்வு நடத்தி, மறுபடி ஆள் எடுப்பதற்கு ஆகும் செலவும் காலமும் அங்கே பெரிய வாதமாக இருந்தது. விலகியவர் நல்ல சம்பளத்தில் இருந்த மேல்நிலை அதிகாரி என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. நீங்கள் முதல் வேலையில் இருப்பவர். உங்களுக்குக் கிடைத்த பயிற்சி, உங்கள் வார்த்தையிலேயே, ஆறு வாரம் ஆன்லைன் வீடியோவும் ஒரு வார வகுப்பும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். வீடியோ பார்த்ததற்கு ஒன்றரை லட்சம் ஆனது என்று நிறுவனம் விளக்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஒப்பந்தத்தில் இன்னொரு பலவீனம். முதல் மாதம் விலகினாலும் 23-ஆவது மாதம் விலகினாலும் அதே தொகை என்று எழுதியிருக்கிறார்கள். மீதமுள்ள மாதத்துக்கு மட்டும் தருகிறேன் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இன்றைய கணக்கில் 24-இல் 10 மாதம் பாக்கி, அதாவது 62,500 ரூபாய். பெரிய நிறுவனங்கள் முதல் வேலைக்காரர் ஒருவர் மீது இந்தத் தொகைக்காக வழக்குப் போட்டு அலைவது அரிது என்பது என் தொழில் அனுபவம். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். 'வேலையைக் கைவிட்டவர்' என்று பதிவு செய்துவிட்டால், பின்னாளில் எந்தப் பெரிய நிறுவனத்துக்குப் போனாலும் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். இந்தத் துறை பார்க்கத்தான் பெரியது, உள்ளே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பெரிய சிக்கல் இதுதான்: ஆர்ட்டிகிள்ஷிப்

இந்தப் பகுதியை எழுதும் முன் தணிக்கையாளர் நண்பர் ஒருவரிடம் பேசி உறுதி செய்துகொண்டேன். இரண்டு விஷயங்களை நீங்கள் தவறாக நம்பியிருக்கிறீர்கள்.

முதலாவது, இந்த 14 மாதத்தில் ஒரு நாள்கூட ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேராது. உங்கள் சம்பளச் சீட்டின் தலைப்பைப் பாருங்கள். சர்வதேச பிராண்டின் பெயரோடு ஒரு சேவை நிறுவனத்தின் பெயர் இருக்கும். இந்தியாவில் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் நிறுவனங்கள் வேறு. டெலாய்ட் ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ், இஒய் வலையமைப்பில் எஸ்.ஆர். பாட்லிபாய், கேபிஎம்ஜி வலையமைப்பில் பி.எஸ்.ஆர்., பிடபிள்யூசி வலையமைப்பில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ். இவையெல்லாம் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் பதிவான சி.ஏ. நிறுவனங்கள். ஆர்ட்டிகிள்ஷிப் என்பது தொழில் செய்யும் ஒரு சி.ஏ.விடம், கழகத்தில் ஃபார்ம் 103 பதிவு செய்து பெறும் பயிற்சி. சேவை மையத்தில் நீங்கள் ஊழியர், அவ்வளவுதான். லோகோ ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கேம்பஸில் வந்து பேசியவர்கள் இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது இன்னும் முக்கியம். உங்கள் அக்கா முறை உறவினர் ஒரு குரூப் மட்டும் தேறிவிட்டு ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய திட்டம். அப்போது பயிற்சி மூன்று ஆண்டு. 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் பயிற்சி இரண்டு ஆண்டாகக் குறைந்தது, கூடவே இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் தேறியிருக்க வேண்டும், கணினிப் பயிற்சியும் ஓரியன்டேஷன் வகுப்பும் முடித்திருக்க வேண்டும் என்றானது. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல் என்ற இறுதித் தேர்வை எழுத முடியும்.

அப்படியென்றால், நாளைக்கே ஒன்றரை லட்சத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாலும் மதுரை ஆடிட்டர் உங்களைப் பதிவு செய்ய முடியாது. சம்பளமும் போய், பயிற்சியும் தொடங்காமல், வீட்டில் உட்கார்ந்து இரண்டாவது குரூப்புக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது காஸ்டிங், ஆடிட்டிங், நிதி மேலாண்மை என்ற மூன்று பேப்பர்தான்.

நாள்காட்டியை வைத்து ஒரு கணக்கு

இன்டர்மீடியட் தேர்வு இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. ஜனவரியில் எழுதிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் டிசம்பர் 31-இல் கணக்கை முடிக்கும் பெரிய பட்டியலிட்ட நிறுவனங்கள் 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். உங்கள் பிஸி சீசன் வருவதே அதனால்தான். ஜனவரியில் லீவு கேட்பது, தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக் கடையில் லீவு கேட்பது மாதிரி. இரண்டு முறை தோற்றதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். போன தடவை எந்த மாதம் எழுதினீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை.

மே தேர்வைக் குறி வையுங்கள். மார்ச் நடுவில் வேலை தணியும். ஏப்ரலில் சேர்த்து வைத்த லீவையும், தேவைப்பட்டால் சம்பளமில்லா லீவையும் எடுங்கள். அதற்கான மின்னஞ்சலை நவம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். மே தேர்வின் முடிவு வழக்கமாக ஜூலை முதல் பாதியில் வந்துவிடும். தேறியதும் ராஜினாமா கொடுத்தால், உங்கள் 60 நாள் நோட்டீஸ் செப்டம்பரில் முடியும். ஆகஸ்டிலேயே 24 மாதம் முடிந்திருக்கும். அப்போது பயிற்சிச் செலவு என்று ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. ஜனவரியிலேயே எழுதித் தேறினால்? மார்ச்சில் முடிவு, மே மாதத்தில் வெளியேறலாம், மூன்று மாதம் பாக்கி, விகிதப்படி 18,750. அதையும் பேசிக் குறைக்கலாம். அந்த நிலை வந்தால் கட்டிவிட்டுக் கிளம்புவதில் தவறில்லை.

இன்னொன்று, பணம். கையில் 34,500 வருகிறது, வீட்டுக்கு 12,000 அனுப்புகிறேன், நகைக்கடன் வட்டியும் நான்தான் கட்டுகிறேன் என்கிறீர்கள். மதுரையில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆர்ட்டிகிள் உதவித்தொகை சில ஆயிரங்கள்தான் இருக்கும், அந்தக் காலத்தில் வேறு வேலைக்கும் போக முடியாது. பயிற்சி, அதற்குப் பின் ஆறு மாதம், ஃபைனல் என்று குறைந்தது இரண்டரை வருடம் வீட்டுக்கு உங்கள் பணம் வராது. இதை அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அவர் போலீஸுக்குப் பயப்படுவது இருக்கிறது, இந்தக் கணக்கு இல்லை. செப்டம்பர் வரையிலான சம்பளத்தில் முதலில் நகையை மீட்கப் பாருங்கள். மதுரைக்குப் பதில் பெரிய சி.ஏ. நிறுவனங்களின் சென்னை அலுவலகங்களிலும் ஆர்ட்டிகிள் இடத்துக்கு விண்ணப்பியுங்கள். அங்கே தொகை கூடுதல், உங்கள் இரண்டு ஆண்டு அனுபவத்துக்கும் மதிப்பு இருக்கும். சென்னை வாடகையைக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

சி.ஏ.தான் வேண்டுமா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. பன்னாட்டு நிறுவனங்களில் கணக்கியல் வேலைதான் இலக்கு என்றால் ஏ.சி.சி.ஏ. என்ற சர்வதேசக் கணக்காளர் படிப்பு இருக்கிறது. மொத்தம் 13 பேப்பர், படிப்பைப் பொறுத்துச் சிலவற்றுக்கு விலக்கு. அதற்குத் தேவைப்படும் 36 மாத அனுபவத்தில், மேற்பார்வையாளர் ஒருவர் ஒப்புதல் தந்தால், இப்போது பார்க்கும் வேலையைக் காட்டலாம். வேலையை விடாமலே படிக்கலாம். நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டாவது குரூப் மே மாதமும் கைகூடாவிட்டால் யோசிக்க ஒரு வழி இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

ராத்திரி வேலையும் டைம்ஷீட்டும்

அடுத்த செப்டம்பர் வரை இருங்கள் என்று சொல்லும்போது, இப்படியே இருங்கள் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். உண்மையான நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் அசோசியேட், அனலிஸ்ட் என்ற பெயர்ப் பலகை மட்டும் ஒருவரை நிர்வாகி ஆக்கிவிடாது. அரசு சில நிறுவனங்களுக்கு விலக்கு தரவும் முடியும்; உங்கள் நிறுவனத்துக்கு உண்டா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்கலாம். இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை செய்யவைக்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்பது 2019 முதல் இருக்கும் அரசாணை நிபந்தனை. நீங்கள் அப்படி ஏதாவது கையெழுத்திட்டீர்களா என்று தேடிப் பாருங்கள்.

மணி நேரத்தை விழுங்கச் சொல்வது இந்தத் தொழிலின் பழைய வியாதி. பட்ஜெட் 400 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், 600 ஆகும், மேலாளரின் கணக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மீதி 200 காணாமல் போகும். இதில் உங்களுக்கும் ஆபத்து உண்டு: டைம்ஷீட்டில் பொய்யாகக் குறைத்துப் போட்டது உங்கள் கை. செய்த நேரத்தையே போடுங்கள். குறைக்கச் சொன்னால், "எட்டு மணி நேரம் போடச் சொன்னீர்கள், நான் செய்தது பன்னிரண்டு, எதைப் போடட்டும்?" என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதிலே வராது, உண்மை நேரம் அப்படியே நின்றுவிடும்.

இதற்காகத் தூக்கிவிடுவார்களோ என்று யோசிப்பீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று அதே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு சொல்கிறது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. அதோடு, அவர்களே உங்களை அனுப்பினால் பயிற்சிச் செலவைக் கேட்கும் வாதமும் மிகவும் பலவீனமாகிவிடும்.

விலகும்போது

ராஜினாமாவை மின்னஞ்சலில் கொடுங்கள், கடைசி வேலை நாளைத் தேதியோடு குறிப்பிடுங்கள், ஒரு நகலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் வையுங்கள். "நாங்கள் ஏற்கவில்லை" என்று சொன்னால் மிரள வேண்டாம்; ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலத்தை முழுதாக வேலை பார்த்துவிட்டீர்கள் என்றால் அதற்கு மேல் பிடித்து வைக்க முடியாது. லேப்டாப்பை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள். வாடிக்கையாளர் கோப்பு எதையும், மாதிரிக்காகக்கூட, எடுத்து வராதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். 45 நாள் ஆகும் என்று எச்.ஆர். சொன்னால் இந்த வரியை நினைவூட்டுங்கள்.

ரிலீவிங் லெட்டர் தர இழுத்தடித்தால் சம்பளச் சீட்டுகள், சம்பளம், வரிப் பிடித்தம் பற்றி நிறுவனம் தரும் ஆண்டுச் சான்றிதழ், வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பதிவாகும் விலகல் தேதி ஆகியவை உங்கள் வேலையை நிரூபிக்கப் போதும். ஆர்ட்டிகிள்ஷிப் பதிவின்போது வேறு எங்கும் வேலையில் இல்லை என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள், ஆகவே அந்த விலகல் தேதி பதிவாகிவிட்டதா என்பதை மட்டும் அவசியம் பாருங்கள். அசல் சான்றிதழ்கள் வீட்டில்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கேட்டாலும் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தால், போனில் பேசி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், பேசாமல் விட்டுவிடவும் வேண்டாம். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் போக வேண்டும். வக்கீல் செலவு கட்டுப்படியாகாது என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். போகும்போது ஒப்பந்தம், ராஜினாமா மின்னஞ்சல், போனஸ் வரவான மாதத்தின் சம்பளச் சீட்டு மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள்.